ஒரு ட்ரேடிங் முறையை முன்முடிவு இல்லாமல் எடைபோடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

புதிதாக ஒரு ட்ரேடிங் முறை காதில் விழுந்ததும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். 'இவ்வளவு நாள் இது தெரியாமல் போச்சே' என்று மனசு துள்ளும். இல்லாவிட்டால் 'இதெல்லாம் சுத்த ஏமாற்று' என்று உதட்டைப் பிதுக்குவோம். இரண்டுக்கும் அரை நிமிடம்கூட ஆகாது. சொன்னவரைப் பிடித்திருந்தால் முதலாவது, பிடிக்காவிட்டால் இரண்டாவது. முறையை இன்னும் யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

திறந்த மனம் என்றால் நம்பவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன் என்று நடுவில் உட்கார்ந்திருப்பது எனப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். என் கணக்கு வேறு. என்ன வந்தால் ஏற்பேன், என்ன வந்தால் விடுவேன் என்று சோதனைக்கு முன்பே எழுதி வைத்துவிட்டு, பிறகு வந்த முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும். அவ்வளவுதான். கேட்கச் சுலபம், செய்யும்போதுதான் தெரியும்.

ஆய்வாளர்கள் உலகத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. பழைய விலைகளை வைத்து இனிவரும் விலையைக் கணிக்க முடியாது என்பதுதான் நிதியியல் பேராசிரியர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தது. 1992-ல் ப்ராக், லகோனிஷோக், லெபரான் என்ற மூவர், அமெரிக்கப் பங்குச்சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீட்டின் 1897 முதல் 1986 வரையிலான தினசரி விலைகளில் மூவிங் ஆவரேஜ் (கடைசி சில நாட்களின் சராசரி விலை), பிரேக்அவுட் (விலை பழைய உச்சத்தையோ அடியையோ உடைத்துத் தாண்டுவது) போன்ற எளிய விதிகளை ஓட்டிப் பார்த்தார்கள். வாங்கச் சொல்லி சிக்னல் வந்த காலங்களில் வருமானம் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. சரி, சார்ட் (விலை வரைபடம்) பார்ப்பவர்கள் ஜெயித்துவிட்டார்களா? 1999-ல் சல்லிவன், டிம்மர்மன், வைட் மூவரும் கிட்டத்தட்ட 8,000 விதிகளை எடுத்து, இத்தனை விதிகளில் சில தற்செயலாகவே ஜெயித்திருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துச் சோதித்தார்கள். பழைய காலத்து முடிவு அந்தச் சோதனையையும் தாங்கியது. ஆனால் 1986-க்குப் பிந்தைய பத்தாண்டில் அதே விதிகள் கைகொடுக்கவில்லை. 'வேலை செய்யும்' என்றவர்களும் 'செய்யாது' என்றவர்களும் பாதி சரி. எந்த விதி, எந்தச் சந்தை, எந்தக் காலம், செலவு போக எவ்வளவு என்று கேட்டவர்களுக்குத்தான் முழு விடை கிடைத்தது.

இனி வேலைக்கு வருவோம். பேச வசதியாக ஒரு முறையைக் கையில் எடுத்துக்கொள்கிறேன்: 'பங்கு ஏறுமுகத்தில் இருக்கும்போது 20 நாள் மூவிங் ஆவரேஜைத் தொட்டுத் திரும்பினால் வாங்கு. பத்துக்கு எட்டு வெற்றி நிச்சயம்.'

படி 1: சொன்னவரைத் தள்ளி வையுங்கள்

யார் சொன்னார், எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், என்ன கார் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் முறையைப் பற்றிய தகவல் அல்ல. லாப ஸ்கிரீன்ஷாட்டும் அப்படியே. அது ஒரு கணக்கின் ஒரு நாளைத்தான் காட்டும், மற்ற நாட்களைக் காட்டாது.

இதன் மறுபக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'இவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்?' என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அது ஆளின் மேல் வரும் சந்தேகம், முறை பொய் என்பதற்கு ஆதாரம் ஆகாது. பேராசைக்காரர் வாயிலிருந்தும் சரியான விதி வரலாம். ரொம்ப நேர்மையான மனிதர் தன் அதிர்ஷ்டத்தைத் திறமை என்று உளமார நம்பிக்கொண்டிருக்கவும் கூடும்.

உங்கள் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். அந்த வகுப்புக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? அப்படியென்றால் முறை ஜெயிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை இருக்கும். இதே மாதிரி வேறொரு முறையில் முன்பு பணம் போனதா? தோற்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். எதுவானாலும் ஒரு வரியில் எழுதி வைத்துவிடுங்கள்.

படி 2: இடைவெளி இல்லாமல் விதியை எழுதுங்கள்

முக்கால்வாசி முறைகள் இங்கேயே விழுந்துவிடும், அதனால் இதில் அவசரம் கூடாது. நம் உதாரணத்தையே பாருங்கள். 'ஏறுமுகம்' என்றால் என்ன? விலை 200 நாள் ஆவரேஜுக்கு மேலே இருந்தால் போதுமா, அந்த ஆவரேஜும் மேல்நோக்கி இருக்க வேண்டுமா? 'தொட்டு' என்றால் கேண்டிலின் (ஒரு நாள் விலைகளைக் காட்டும் பட்டை) வால், அதாவது அன்றைய குறைந்த விலை, தொட்டால் போதுமா, குளோசிங் (நாள் முடிவு) விலை பக்கத்தில் வர வேண்டுமா? அரை சதவீதம் முன்பாகவே திரும்பிவிட்டால் அது தொட்டதாகுமா? 'திரும்பினால்' என்பதை எப்போது உறுதி செய்வது, அன்றைக்கே பச்சைக் கேண்டிலிலா (திறந்த விலைக்கு மேல் மூடுவது), மறுநாள் முந்தைய நாள் உச்சத்தைத் தாண்டும்போதா? மறுநாள் கேப்அப் ஆகி, அதாவது முந்தைய விலையிலிருந்து ஒரே தாவலாக மேலே, திறந்தால் வாங்குவதா, விடுவதா?

இன்னும் வெளியேறுவதைப் பற்றிப் பேசவே இல்லை. ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தோடு வெளியேறும் விலை) எங்கே? டார்கெட் (லாபத்தோடு வெளியேறும் விலை) உண்டா? எதுவும் நடக்காமல் பத்து நாள் கிடந்தால்? ஒரே நாளில் பன்னிரண்டு பங்குகளில் சிக்னல் வந்து, கையில் மூன்றுக்குத்தான் பணம் இருந்தால் எந்த மூன்று? ஒவ்வொன்றிலும் எவ்வளவு?

எழுதியதைச் சந்தையே தெரியாத ஒருவரிடம் கொடுத்தால், சார்ட்டைப் பார்த்து நீங்கள் குறித்த அதே நாளில், அதே விலையில் அவரும் குறிக்க வேண்டும். குறிக்க முடியவில்லை என்றால் கையில் இருப்பது இன்னும் முறை ஆகவில்லை, ஒரு யோசனைதான்.

ஒரு ஒற்றை வாக்கியத்துக்குள் இத்தனை முடிவுகள் ஒளிந்திருப்பதால்தான், தோற்றவரிடம் 'நீங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை' என்று எப்போதும் சொல்ல முடிகிறது. ஜெயித்த சார்ட் எல்லாம் முறையின் பெருமை, தோற்ற சார்ட் எல்லாம் உங்கள் தவறு. இப்படித் தோற்கவே வழியில்லாத முறையைச் சோதிக்கவும் வழியில்லை.

அனுபவத்தில் பார்த்து எடுக்கும் முடிவுகளை எழுத்தில் கொண்டுவர முடியாது என்று சிலர் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அப்படிப்பட்டவரை எடைபோட ஒரே வழி, முடிவு தெரிவதற்கு முன்பே அவர் ஒவ்வொரு ட்ரேடையும் தேதி, விலையோடு பதிவு செய்ய வேண்டும். அப்போது நாம் சோதிப்பது அந்த மனிதரை. அவர் செய்வது உங்களுக்கும் வரும் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை.

படி 3: இந்தப் பணம் யாருடையது?

ஒவ்வொரு ட்ரேடுக்கும் எதிர்ப்பக்கம் ஒருவர் இருக்கிறார். அவர் ஏன் தொடர்ந்து நமக்குக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்? ஏற்கத்தக்க காரணங்கள் சில உண்டு. மற்றவர்கள் சுமக்க விரும்பாத ரிஸ்க்கை நீங்கள் சுமக்கிறீர்கள், விலை அபாயத்தை ஏற்கும் ஆப்ஷன் ஒப்பந்தத்தை எழுதி விற்பவர் அதற்குப் பிரீமியம் என்ற கட்டணம் வாங்குவது போல. அல்லது மனிதர்கள் செய்திக்கு மெதுவாகவோ அளவுக்கு மீறியோ எதிர்வினை காட்டுகிறார்கள். மூன்று முதல் பன்னிரண்டு மாதம் ஏறிய பங்குகள் அடுத்த சில மாதங்களும் மற்றவற்றைவிட நன்றாகப் போகின்றன என்று 1993-ல் ஜெகதீஷ், டிட்மன் காட்டியதற்கு இதையே காரணமாகப் பலர் சொல்கிறார்கள். அல்லது குறியீட்டில் ஒரு பங்கு சேரும்போது அந்தக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகள் வாங்கியே தீர வேண்டிய மாதிரி, யாரோ கட்டாயத்தின் பேரில் வர்த்தகம் செய்கிறார்கள்.

காரணம் தெரியாவிட்டால் உடனே தூக்கிப்போட வேண்டாம். ஆனால் ஆதாரத்தை இன்னும் கறாராகக் கேளுங்கள். 'எல்லோரும் இந்த லைனைப் பார்க்கிறார்கள், அதனால் வேலை செய்கிறது' என்பது மட்டும் எனக்குப் போதவில்லை. எல்லோரும் பார்த்தால் எல்லோரும் முந்தப் பார்ப்பார்கள்.

படி 4: தீர்ப்பை முன்பே எழுதுங்கள்

ஒரு தாளில், தேதி போட்டு, இந்த மாதிரி:

'50 பங்குகளில் பத்தாண்டு விலைகளில் ஓட்டுவேன். குறைந்தது 200 ட்ரேடு வேண்டும். செலவு போக, ஒரு ட்ரேடின் சராசரி லாபம் அதில் எடுத்த ரிஸ்க்கில் (ஸ்டாப்லாஸில் வெளியேறினால் இழக்கும் தொகை) 0.15 மடங்காவது இருக்க வேண்டும். கணக்கின் மிகப்பெரிய சரிவு (உச்சத்திலிருந்து இறங்கிய அளவு) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 20 நாளுக்குப் பதில் 15 அல்லது 25 போட்டாலும் லாபத்தில் நிற்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் விடுகிறேன். எல்லாம் தேறினால், எனக்குப் பிடிக்காத ஆள் சொன்னது என்றாலும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துப்போகிறேன்.'

எண்கள் உங்கள் விருப்பம். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படி 5: டேட்டாவில் இருக்கும் பொறிகள்

முதல் பொறி, இன்றைக்குக் குறியீட்டில் இருக்கும் பங்குகளை எடுத்துப் பத்தாண்டு பின்னோக்கிச் சோதிப்பது. அவை பிழைத்து நின்ற பங்குகள். நடுவில் திவாலானவையும் டீலிஸ்ட் ஆனவையும் (சந்தையிலிருந்து நீக்கப்பட்டவை) பட்டியலில் இல்லை. 'இறங்கும்போது வாங்கு' வகை முறைகளுக்கு இது தேன். ஏனென்றால் இறங்கி அப்படியே மறைந்துபோன பங்கு எதுவும் சோதனைக்குள் வரவே வராது.

இரண்டாவது, எதிர்காலத்தை எட்டிப்பார்ப்பது. குளோசிங் விலையை வைத்து சிக்னலைக் கணக்கிட்டு, அதே குளோசிங் விலையில் வாங்கியதாகக் கணக்கெழுதினால், நடைமுறையில் அது அநேகமாக நடக்காத காரியம். சிக்னல் உறுதியாகும்போது சந்தை மூடியிருக்கும். மறுநாள் திறப்பு விலையைப் போட்டுப் பாருங்கள், பல முறைகளின் அழகு அங்கேயே குறைந்துவிடும். ஜிக்ஜாக் போன்ற சில இண்டிகேட்டர்கள் (விலையிலிருந்து கணக்கிட்டு சார்ட்டில் வரையும் கோடுகள்) பழைய புள்ளிகளைப் பின்னால் திருத்தி வரையும். முடிந்துபோன சார்ட்டில் அவை உச்சத்தையும் அடியையும் துல்லியமாகக் குறித்த மாதிரி தெரியும். ஒரு இண்டிகேட்டர் அப்படிப்பட்டதா என்று அறிய, சார்ட்டை ரீப்ளே முறையில் ஒவ்வொரு கேண்டிலாக நகர்த்தி, முன்பு வந்த சிக்னல் இடம் மாறுகிறதா என்று பார்த்தால் போதும்.

பங்குப் பிரிப்பும் போனஸும் சரிசெய்யப்பட்ட விலையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பங்கு இரண்டாகப் பிரிந்த நாள் ஐம்பது சதவீத வீழ்ச்சியாகத் தெரியும்.

படி 6: செலவைக் கழியுங்கள்

ஒரு முறை ட்ரேடுக்குச் சராசரியாக 0.25 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கமிஷன், வரி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, ஸ்லிப்பேஜ் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 0.1 சதவீதம் என்றால், போகவர 0.2. மிச்சம் 0.05. லாபத்தில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. குறுகிய நேரத்தில் நிறைய ட்ரேடு எடுக்கும் முறைகளை முதலில் செலவை வைத்துத்தான் சோதிக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை ஒரு தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குகளை பார்பர், ஓடியன் இருவரும் ஆராய்ந்தார்கள். மிக அதிகமாக வர்த்தகம் செய்த குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்தது. அதே காலத்தில் சந்தை தந்தது 17.9.

படி 7: எண்களைப் படிப்பது

'பத்துக்கு எட்டு வெற்றி'யை இப்போது எடுத்துக்கொள்வோம். எட்டு வெற்றியிலும் தலா 1 கிடைத்து, இரண்டு தோல்வியிலும் தலா 5 போனால், வந்தது 8, போனது 10. பத்துக்கு நான்கே வெற்றி தரும் இன்னொரு முறையில், வெற்றிக்கு 2.5, தோல்விக்கு 1 என்றால், வந்தது 10, போனது 6. வெற்றி விகிதத்தை மட்டும் சொல்லி சராசரி லாபம், சராசரி நஷ்டம் இரண்டையும் சொல்லாதவர் ஒன்றுமே சொல்லவில்லை. ஸ்டாப்லாஸ் போடாமல் நஷ்டத்தைத் தள்ளிப்போட்டால் யார் வேண்டுமானாலும் வெற்றி விகிதத்தைத் தொண்ணூறுக்கு ஏற்றலாம்.

அடுத்தது எண்ணிக்கை. 30 ட்ரேடில் 18 வெற்றி, அதாவது 60 சதவீதம். நன்றாக இருக்கிறதா? நாணயத்தை 30 முறை சுண்டினால் 18 அல்லது அதற்கு மேல் தலை விழ, ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே குறைவான வாய்ப்பு இருக்கிறது. அதே 60 சதவீதம் 300 ட்ரேடில் வந்தால், தற்செயலாக இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. ஆனால் இதில் ஒரு நெளிவு உண்டு. சந்தை முழுக்க ஒரே நாளில் திரும்பி, 40 பங்குகளில் ஒரே சமயம் சிக்னல் வந்தால், அது 40 தனித்தனிச் சாட்சிகள் ஆகாது. கிட்டத்தட்ட ஒரே சாட்சியைத்தான் 40 முறை எண்ணியிருக்கிறோம். அதனால் ட்ரேடுகளோடு அவை எத்தனை வெவ்வேறு மாதங்களில் பரவியிருக்கின்றன என்பதையும் எண்ணுங்கள்.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் பெரிய விஷயம். ஏறுகிற சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாலும் லாபம்தான். ஆகவே இரண்டு ஒப்பீடுகள் அவசியம். ஒன்று, அதே பங்குகளைச் சும்மா வாங்கி வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? இரண்டாவதை யாரும் செய்வதில்லை, ஆனால் அருமையான சோதனை: நுழையும் நாளை மட்டும் குலுக்கல் முறையில் எடுத்து, ஸ்டாப்லாஸ், டார்கெட், ட்ரேடுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் முறையில் உள்ளபடியே வைத்து ஆயிரம் முறை ஓட்டுங்கள். அந்த ஆயிரத்தின் நடுவில் உங்கள் முறையும் நின்றால், 20 நாள் ஆவரேஜ் எந்த வேலையும் செய்யவில்லை.

சரிவைப் பார்க்கும்போது கணக்கு நேர்க்கோடு அல்ல என்பதை நினைவில் வையுங்கள். 20 சதவீதம் இழந்தால் பழைய நிலைக்கு வர 25 சதவீதம் போதும். 50 இழந்தால் 100 வேண்டும். தொடர் தோல்வியையும் கணக்கிடுங்கள். 40 சதவீத வெற்றி தரும் முறையில், 200 ட்ரேடுக்குள் எங்காவது தொடர்ந்து பத்துத் தோல்வி வர மூன்றில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு. நல்ல முறையிலேயே இது நடக்கும்.

படி 8: எத்தனை முறை முயன்றீர்கள்?

20 நாள் சரிவரவில்லை, 22 போட்டேன். அதற்கு ஆர்எஸ்ஐ என்ற இண்டிகேட்டரைச் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமைகளை விலக்கினேன். இப்போது பிரமாதம்! எந்தச் சரக்கும் இல்லாத 100 வகைகளைச் சோதித்தால், தற்செயலாகத் தேற இருபதில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருக்கக் கூடாது என்ற வழக்கமான அளவுகோலில் சராசரியாக ஐந்து வகைகள் தேறிவிடும். அதனால் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைத்து, எண்ணிக்கை கூடக்கூட அளவுகோலையும் உயர்த்த வேண்டும்.

அக்கம்பக்கத்து எண்களைப் பார்ப்பது இன்னும் எளிய வழி. 22-ல் கொட்டும் லாபம் 21-லும் 23-லும் காணாமல் போனால் அது தற்செயல். 15 முதல் 30 வரை ஓரளவாவது எல்லாமே லாபம் தந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

படி 9: பார்க்காத டேட்டா, பிறகு நடப்புச் சந்தை

டேட்டாவின் கடைசி மூன்றில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள். திருத்தமெல்லாம் முடிந்தபின் அதில் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். தோற்றதும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினால், அது பார்க்காத டேட்டா என்ற தகுதியை இழந்துவிடும்.

எவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கலாம்? மக்லீன், பொன்டிஃப் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பங்கு வருமானத்தைக் கணிக்க உதவும் என்று கல்வி இதழ்களில் வந்த 97 காரணிகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு செய்யப்பட்ட காலத்துக்கு வெளியே வருமானம் சராசரியாக 26 சதவீதம் குறைந்தது. பிரசுரமான பிறகு 58 சதவீதம். கறாராகச் சோதிக்கப்பட்ட முறைகளுக்கே இந்தக் கதி. பாதியாகக் குறைந்தாலும் எனக்குப் போதுமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதன்பின் பேப்பர் ட்ரேடிங், அதாவது பணம் போடாமல் கணக்கில் மட்டும் ட்ரேடு எடுப்பது. ஆர்டர் போடும் நேரம், விலை கிடைக்குமா என்பதெல்லாம் அதில் பழகும். ஆனால் நீண்ட காலம் அதிலேயே இருப்பதில் பயன் இல்லை, பணம் போகாத இடத்தில் பயமும் வராது. இழந்தால் வலிக்கும், ஆனால் வாழ்க்கையைப் பாதிக்காது என்ற அளவில் சிறு தொகைக்கு மாறுங்கள். இங்கே லாபத்தைவிட, பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் ஓட்டிய சோதனை) சொன்ன விலைக்கும் உங்களுக்குக் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

படி 10: வரலாற்றில் இல்லாத நாள்

சந்தையின் ஏற்ற இறக்கம் குறையும் என்று பந்தயம் கட்டும் எக்ஸ்ஐவி என்ற பொருள் அமெரிக்காவில் இருந்தது. பல ஆண்டுகள் அது தந்த லாபத்தைப் பார்த்தவர்கள் மயங்காமல் இருந்திருக்க முடியாது. 2018 பிப்ரவரி 5 அன்று ஒரே நாளில் அதன் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கரைந்தது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி, யூரோவுக்கு எதிராக ஃபிராங்க் ஏறாமல் வைத்திருந்த வரம்பைக் கைவிட்டபோது, விலை ஒரே தாவலாகப் போனதால் ஸ்டாப்லாஸ் போட்டிருந்த பலருக்கு அந்த விலையில் ஆர்டர் நிறைவேறவே இல்லை. இப்படிப்பட்ட நாள் பேக்டெஸ்டில் வராமலே போகலாம். ஆகவே, ஸ்டாப்லாஸ் தூரத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி விலை திறந்தால் கணக்கில் எவ்வளவு மிஞ்சும் என்று கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடை 'ஒன்றும் மிஞ்சாது' என்று வந்தால், முறை நன்றாகவே இருந்தாலும் பொசிஷன் சைஸ் (ஒரு ட்ரேடில் போடும் தொகை) தப்பு.

படி 11: முறை தேறியது, உங்களுக்குப் பொருந்துமா?

1983-ல் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்கார்ட்டும் ட்ரேடிங்கைக் கற்றுத்தர முடியுமா என்ற வாதத்தைத் தீர்க்க, விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்து, இரண்டு வாரம் ஒரே விதிகளைச் சொல்லித்தந்தார்கள். அவர்களைத்தான் டர்டில்ஸ் என்பார்கள். பலர் நன்றாகச் சம்பாதித்தார்கள். ஆனால் விதி ஒன்றாக இருந்தும் எல்லோருக்கும் ஒரே முடிவு வரவில்லை, சிலர் நடுவிலேயே நீக்கப்பட்டார்கள். நாளெல்லாம் வேலையில் இருப்பவருக்கு ஐந்து நிமிட சார்ட் முறை பொருந்தாது. பத்துத் தோல்வியைத் தாங்க முடியாதவருக்கு, விலையின் போக்கைப் பின்தொடரும் டிரெண்ட் முறை பொருந்தாது. அதற்காக அந்த முறையைப் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. 'முறை சரி, எனக்கு வேண்டாம்' என்பதும் ஒரு முழுமையான தீர்ப்பு.

படி 12: தீர்ப்பு, மறுபரிசீலனை

இப்போது படி 4-ல் எழுதிய தாளை எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சரிவு 25-க்குப் பதில் 27 வந்திருக்கும், 'பரவாயில்லையே' என்று கை நீளும். எழுதியபடி விடுங்கள். வேண்டுமானால் புது எண்ணோடு, புது டேட்டாவில், புதிய சோதனையாகத் தொடங்கலாம்.

தேறிய முறைக்கும் நிறுத்தும் விதி ஒன்று வேண்டும். உதாரணமாக, நடப்பில் வரும் சரிவு பேக்டெஸ்டின் மிகப்பெரிய சரிவைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் நிறுத்திவிட்டு மறுபடி ஆராய்வது. அதற்கு முன் நடுவில் கை வைக்க வேண்டாம். விட்டுவிட்ட முறைகளின் தாள்களையும் கிழித்துப் போடாதீர்கள். சந்தை மாறும், செலவு குறையும், இன்று தேறாத ஒன்றை சில ஆண்டுகள் கழித்து அதே தாளோடு, அதற்குப் பிறகு சேர்ந்த விலைகளில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்.